இறந்தவர்களுக்கு ஒரு குறுக்குக்கோடு

இந்த வாரத்தோடு என் மேசை உங்கள் இருவரில் ஒருவருக்குப் போகிறது. மேல் இழுப்பறை இழுத்தால் திறக்காது, பக்கவாட்டில் ஒரு குத்து விட்டால் திறக்கும். இரண்டாமாண்டு செவிலியர் மாணவிகளுக்கான சமூகவியல் தாளும் உளவியல் தாளும் கூடவே வருகின்றன. அவற்றுக்கு அப்படி எளிதான குத்து எதுவும் கிடையாது.

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி உட்காரவைத்துப் புத்தி சொல்வார்கள். நான் ஓய்வு பெற்றவள் அல்ல, பிள்ளை பெற்றவள். என் கணவருக்குச் சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை. மகள் எஸ்தருக்கு அப்பா என்றால் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து ஞாயிறு இரவு காணாமல் போகும் ஓர் ஆள். குழந்தையின் முதல் மூன்று வருடங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்று நானே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அதில் எத்தனை மாதங்களைக் கெடுத்துவிட்டேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் வேலையை விடுகிறேன். விடுவது சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். நேற்றுவரை சரி, இன்று சந்தேகம்.

நம் மாணவிகளைப் பற்றி ஒன்று. இவர்களில் பாதிப் பேர் வீட்டில் அண்ணனோ மாமாவோ வளைகுடாவில் இருக்கிறார். தண்ணீர் வராத வருடங்களில் நிலத்தை விட்டுவிட்டுப் போனவர்கள். நம் கல்லூரியே சம்பா விளைந்த வயலைத் தூர்த்துக் கட்டியதுதான். மழைக்காலத்தில் தவளைகள் வந்து நினைவுபடுத்தும். படித்து முடித்ததும் விமானம் ஏறுவதற்காக வந்திருக்கும் பெண்கள் இவர்கள். முதல் வருடம் நான் இவர்களுக்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்ற பாடத்தை நடத்தினேன். புதிய நாட்டில் மனம் கடக்கும் நான்கு கட்டங்களைப் படம் போட்டு விளக்கி முடித்ததும் ஒருத்தி எழுந்து, "மேடம், அங்க தயிர் கிடைக்குமா?" என்று கேட்டாள். நான் இரண்டாம் கட்டத்தை மறுபடி விளக்கினேன். அவள் கேட்டதுதான் பாடம் என்பது எனக்குப் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது உறைத்தது. எனக்கு எல்லாமே பேருந்தில்தான் உறைக்கும்.

சரி, கவிதாவின் கதைக்கு வருகிறேன். உறவுமுறைப் பாடம் எடுக்கும்போது உங்களுக்கு இது உதவும்.

உறவுமுறை வரைபடம் உங்களுக்குத் தெரியும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக்கோடு, இறந்தவர்கள் மேல் ஒரு குறுக்குக்கோடு. மூன்று தலைமுறைக்கு உங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். இறந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். என் படிப்பின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கவிதா வலங்கைமான் பக்கத்துப் பெண். எதைச் சொன்னாலும் அடிக்கோடிட்டு எழுதுகிற ரகம். அவளுக்கு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை செந்தில் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், விடுப்பில் வந்திருக்கிறான். அவனுடைய அப்பா கவிதாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆகவே மாமன் மகன், சரியான முறை. அவள் படிப்பை முடிக்கும்வரை காத்திருப்பதாகவும், பிறகு அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு முயற்சி செய்வதாகவும் அவன் சொல்லியிருந்தான். வகுப்பு முழுவதற்கும் இந்த விஷயம் தெரியும். அவள் விடுதித் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பும்போது முகத்தில் தெரிவதை ஊகிக்க உளவியல் தாள் தேவையில்லை.

அவள் தன் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டாள். அழகாக இருந்தது. அவளுடைய பெரியப்பாவின் முக்கோணத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வட்டங்கள். ஒன்றின் மேல் குறுக்குக்கோடு. அது யார் என்று கேட்டேன். பெரியப்பாவின் முதல் சம்சாரம், பெயர் ருக்மணி, பிள்ளை இல்லாமல் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்றாள். நான் பாராட்டினேன். அந்த ருக்மணியுடன் பிறந்தவர்கள் யாரும் உண்டா என்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. கவிதா சாக்பீஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ருக்மணிக்குப் பக்கத்தில் தங்கையாக ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து கீழே கோடு இழுத்து ஒரு முக்கோணம் வரைந்தாள். அந்த முக்கோணத்தின் பெயரை எழுதப் போன கை நின்றுவிட்டது.

அந்தத் தங்கைதான் செந்திலின் அம்மா.

பெரியம்மாவின் தங்கையும் அம்மா முறைதான். அவள் பிள்ளை அண்ணன். இதை நான் விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அதே ஊர்ப் பெண் ஒருத்தி, "அப்பன்னா செந்தில் உனக்கு அண்ணன் முறையாகுதேடி" என்றாள். வகுப்பு சிரித்தது. நானோ ஒரே மனிதருக்கு இரண்டு வழியில் இரண்டு முறை வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்ற மகிழ்ச்சியில் இரண்டு வழிகளையும் வண்ண சாக்பீஸால் வரைந்து காட்டினேன். மாமன் மகன் வழிக்குப் பச்சை, அண்ணன் வழிக்குச் சிவப்பு. கவிதா உட்கார்ந்துவிட்டதைக் கவனித்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலைப் பேருந்து வலங்கைமான் போய்ச் சேர்வதற்குள் சிவப்புக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் கவிதாவின் அப்பா கல்லூரிக்கு வந்தார். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாக நின்றார். வீட்டில் நடந்ததைச் சொன்னார். அவருடைய தங்கை, அதாவது கவிதாவின் அத்தை, தன் மகன் முருகேசனுக்குக் கவிதாவை எடுக்கவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தவராம். முருகேசன் அறுவடை மெஷின் ஓட்டுகிறான். நல்ல பையன்தான், ஆனால் கல்யாணம் ஆனால் மருமகள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கவேண்டும் என்று அத்தை முன்பே சொல்லியிருக்கிறார். இப்போது அத்தைக்குக் கரும்பலகை கிடைத்துவிட்டது. அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் பண்ணப் பார்த்தீர்களே, படித்த டீச்சரே சிவப்புக்கோடு போட்டுவிட்டார், இனி வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என் மகனோடுதான் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். செந்தில் வீட்டில், செத்துப்போன அக்காவைத் தெருவுக்கு இழுத்துவிட்டீர்களே, உங்கள் பக்கம் ஒரு முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கோபமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். செந்திலின் விடுப்பு முடியப்போகிறது.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும் மேடம்" என்றார்.

எந்த வார்த்தை என்பதுதான் சிக்கல். நான் நம் முதல்வரிடம் ஓடினேன். அவர் ராணுவ ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்து வந்தவர், யாரையும் தேற்றி நான் பார்த்ததில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்கு முன்னாடி அவங்களுக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். பிறகு, போ, ஆனால் தீர்ப்பு சொல்லப் போகாதே, வார்டுக்குள் நுழையும் புதுச் செவிலி மாதிரி முதலில் உட்கார்ந்து பார் என்று சொல்லி மறுபடி கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி என்னை வழி முழுவதும் அரித்தது. ஆமாம், எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். ருக்மணி வாழ்ந்த வீடு அது. அவளுடைய தங்கை யார் என்று தெரியாதவர் அந்தத் தெருவில் இருக்க முடியாது. தெரிந்தும் மறந்திருக்கிறார்கள். நம் புத்தகத்தில் வம்சாவளி மறதி என்று அரைப்பக்கம் இருக்கிறது பாருங்கள். இருக்கிறவர்கள் வாழ்வதற்கு வழிவிடும்படி இறந்தவர்களைக் கணக்கிலிருந்து நைசாக நகர்த்தி வைக்கும் வித்தை. எங்கோ ஆப்பிரிக்க மேய்ப்பர்கள் செய்வதாக அதை நான் நடத்தியிருந்தேன். வலங்கைமானுக்கும் அது பேருந்தில் வந்துபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை போனேன், எஸ்தரை இடுப்பில் தூக்கிக்கொண்டு. வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார் அன்று ஒரு ஞானஸ்நானத்துக்காக மாயவரம் போயிருந்தார். ஒன்றரை வயதுக் குழந்தையைச் சண்டை நடக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போவதா, பக்கத்து வீட்டில் விடுவதா என்று காலை முழுவதும் யோசித்தேன். இரண்டுக்கும் எதிராக ஆராய்ச்சி முடிவுகள் எனக்குத் தெரியும். அதுதான் படித்ததன் பலன்.

கூடத்தில் நடுநாயகமாக அத்தை. சுவரோரம் கவிதாவின் அப்பா, அம்மா. நாற்காலியில் பெரியப்பா, அன்றைய செய்தித்தாளின் ஒரே பக்கத்தை நான் இருந்த நேரம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் மனைவியைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கவிதா சமையலறை வாசலில் நின்றாள். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெரியப்பாவின் இப்போதைய மனைவி, அதாவது பெரியம்மா, வந்ததும் எஸ்தரை வாங்கிக்கொண்டார். புதியவர் தூக்கினால் இந்த வயதுக் குழந்தை அழவேண்டும், அதுதான் தாயோடு பாசப்பிணைப்பு சரியாக இருப்பதற்கு அடையாளம். எஸ்தர் அவர் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கெடுத்த மாதங்களை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

அத்தை நேராக விஷயத்துக்கு வந்தார். "நீங்களே சொல்லுங்க டீச்சர். நீங்க போர்டுல போட்டது பொய்யா, நெசமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்றால் என் பாடம் போயிற்று. மெய் என்றால் கவிதாவின் கல்யாணம் போயிற்று. விஞ்ஞானப்படி இந்த அண்ணன் முறைக்கு ரத்தசம்பந்தமே இல்லை என்று ஒரு பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிப் பார்த்தால் அத்தை மகன்தான் நெருங்கிய ரத்தம் என்று வேறு சொல்லவேண்டியிருக்கும். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்களுடைய முறையே அர்த்தமற்றது என்று சொல்வதற்குப் புத்தகத்தில் இனமையவாதம் என்று ஒரு கெட்ட பெயரும் இருக்கிறது. என்ன சொல்லியிருந்தாலும் அது வார்டுக்கு வந்த முதல் நாளே மருந்து எழுதுகிற வேலைதான். பிரசங்கத்தை விழுங்கிவிட்டு, எனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைப் பெரியம்மாவிடம் கேட்டேன். இறந்துபோன அந்த ருக்மணியை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று.

அவர் எஸ்தரின் கையிலிருந்து மூக்குத்தியை விடுவித்துக்கொண்டே சொன்னார். வருடம் தவறாமல் அந்த அக்காவுக்குப் புதுப்புடவை வைத்துப் படையல் போடுவது அவர்தானாம். படைத்த புடவையை அவர்தான் கட்டிக்கொள்வாராம். இந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார்.

"அவங்க இந்த வீட்டு சாமி. சாமிக்கு ஏது தங்கச்சி, தங்கச்சி மவன்?"

மூன்று வருடமாக உறவுமுறை நடத்தியவள் நான். இறந்தவர் உறவுக் கணக்கிலிருந்து விலகி வழிபாட்டுக் கணக்குக்கு மாறிவிடுகிறார் என்பதை அவர் நான்கு சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் அத்தை லேசுப்பட்டவர் இல்லை.

"நல்லாருக்கு அண்ணி. சாமிக்கு முறை இல்லன்னா சுவாமிமலை முருகனுக்குப் பெருமாளு எப்படி மாமன் ஆனாரு? முறை பாத்துத்தானே வள்ளியக் கட்டுனாரு?"

செய்தித்தாளுக்குப் பின்னால் பெரியப்பா இருமினார், அது சிரிப்பாகவும் இருக்கலாம். எங்கள் தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, எவ்வளவு சுவாரஸ்யத்தை இழந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா அசரவில்லை. அப்படியானால் அக்காவையே கேட்டுவிடலாம் என்றார். பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ வந்தால் செந்தில், சிவப்பு வந்தால் முருகேசன். அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது. அத்தை யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கவிதாவின் அம்மா தாழ்வாக ஏதோ முணுமுணுத்தார். கவிதாவை யாரும் கேட்கவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா எஸ்தரை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். நந்தியாவட்டையும் செவ்வரளியுமாக இரண்டு கை நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். மறுபடி உள்ளே போய், வாழையிலைத் துண்டுகளில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு வந்தார். சாமி மாடத்துக்கு முன்னால் தரையில் வைத்தார். எடுப்பதற்குச் சின்னக் குழந்தை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே சின்னக் குழந்தை எஸ்தர்.

என் நிலைமையை எண்ணிப்பாருங்கள். நாங்கள் லுத்தரன் குடும்பம். பூக்கட்டிப் பார்க்கமாட்டோம். சந்தேகம் வந்தால் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து வசனத்தின் மேல் விரல் வைப்போம், அது முற்றிலும் வேறு என்று என் மாமியார் சொல்வார். மாயவரத்திலிருந்து அவர் திரும்பி வந்தால் என்ன பதில் சொல்வது? இன்னொரு பக்கம், பங்கேற்றுக் கவனித்தல் என்று நானே ஒரு வாரம் பாடம் நடத்தியிருக்கிறேன். பங்கேற்பது என்றால் காபி குடிப்பது என்று நினைத்திருந்தேன். பிள்ளையைக் கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்து நின்ற கவிதாவைப் பார்த்தேன். பொட்டலங்களுக்கு முன்னால் எஸ்தரை இறக்கிவிட்டேன்.

இந்த வயதுக் குழந்தை புதிய பொருளை எடுக்கும் முன் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் எதைப் பார்க்கிறாளோ அதை நோக்கிப் போகும். இது புத்தகத்தில் உள்ளபடியே நடக்கும், நம்புங்கள். எஸ்தர் உட்கார்ந்தாள், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒன்றைப் பார்த்துத் தொலைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவைக்கக் கூடாதே என்று மேலே மின்விசிறியைப் பார்த்தேன். எஸ்தரும் மின்விசிறியைப் பார்த்தாள். அத்தை பொறுமையிழந்து உச்சுக்கொட்டினார். அந்தச் சத்தத்தில் குழந்தை கையருகே இருந்த பொட்டலத்தை எடுத்து நேராக வாயில் வைத்துக் கடித்தாள்.

அரளி விஷம். அதற்கான முதலுதவி நம் மாணவிகளின் பாடத்திலேயே இருக்கிறது. நிச்சயம், முறை, சமூகவியல் எல்லாம் எங்கோ போயிற்று. பாய்ந்து விழுந்து அவள் வாயிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினேன். இலை கிழிந்து நந்தியாவட்டைப் பூக்கள் கொட்டின. வெள்ளை என்று கவிதாவின் அப்பா சொன்னது காதில் விழுந்தது. ஆனால் குழந்தை அதற்குள் மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டிவிட்டாள். அதில்தான் அரளி இருக்கும் என்ற பதற்றத்தில் அதையும் பிடுங்கினேன். இறுக்கிப் பிடித்ததில் நார் நழுவி இலை விரிந்தது.

என் உள்ளங்கையில் இருந்ததும் வெள்ளைதான்.

பெரியம்மா நிதானமாக என் கையிலிருந்து அதை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். குனிந்திருந்த என் முதுகு மற்றவர்களுக்கு மறைத்திருக்கும். பக்கத்தில் நின்ற அத்தைக்கு மறைக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன.

இளையவர்களே, நெருக்கடியில் முடிவெடுப்பது என்று பேசுகிறார்களே, அது இவ்வளவு நேரம்தான் இருக்கும், குழந்தையின் வாயைத் துடைக்கிற நேரம். நான் பார்த்தவள். படித்தவள். இரண்டிலும் வெள்ளை என்று நான் சொன்னால் கூடம் என்னை நம்பும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று பாலர் வகுப்பிலிருந்து படித்திருக்கிறேன். ஆனால் சாட்சி சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வீடு பல வருடங்களாகத் தெரிந்தே மறந்திருந்த ஒன்றை நான் ஏற்கெனவே ஒரு முறை வண்ண சாக்பீஸில் எழுதிக் காட்டியாயிற்று. எஸ்தரின் வாயில் விரலை விட்டு இதழ் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். தேவைக்கு அதிக நேரம் பார்த்தேன்.

இனி எல்லாம் அத்தையின் கையில். அவர் சத்தம் போட்டால் முடிந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கவிதா கதவு நிலையை விட்டு ஓர் அடி முன்னால் வந்திருந்தாள். அத்தை பெரியம்மாவின் இடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. அக்காவே சொல்லிட்டாங்க, நான் யாரு. செந்திலு மாமன் மவன், நம்ம முருகேசன் அத்த மவன். அப்ப ரெண்டு பேரும் அண்ணன் தம்பி முறை ஆச்சு." பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "தம்பிக்கு மஸ்கட்ல ஒரு விசா எடுத்துக் குடுக்கறது அண்ணன் கடமைதானே அண்ணி?"

பெரியம்மா, அதுதான் நியாயம் என்றார். கவிதாவின் அப்பாவும் நியாயம் என்றார். பெரியப்பா முதன்முறையாகச் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம், அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்றார். அத்தை அதற்கும் தலையசைத்தார். அவர் மனம் ஏற்கெனவே விமான நிலையத்தில் இருந்தது. முருகேசனின் பாஸ்போர்ட் நம்பரைக் குறித்துக்கொள்ள யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

கவிதாதான் உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.